மிச்சம் விழாமல் வெட்டுவது எப்படி?



ஏர்பேட்டுக்குப் பக்கத்தில் காளஹஸ்தி இருக்கிறது. அங்கே மூங்கில் குச்சியை மையில் தொட்டுத் துணியில் படம் எழுதுகிறார்கள். அதுதான் கலம்காரி. அந்த வேலைக்குத் துணி வெட்டித் தர ஒரு பெண் ஒப்புக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

துணியின் நீளம் 84 அங்குலம். அகலம் 36 அங்குலம். எல்லாத் துண்டும் ஒரே அளவுச் சதுரமாக வேண்டும். கூடிய மட்டும் பெரிதாக வேண்டும். மிச்சம் விழக் கூடாது.

பத்து பத்து அங்குலமாக வெட்டினால் 24 துண்டு வரும். ஆனால் ஓரத்தில் பட்டையாகத் துணி மிஞ்சும். அதைச் சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீண். 100 ரூபாய்த் துணியில் 20 ரூபாய் போயிற்று. கூலிக்கு வெட்டுகிறவருக்கு அது சின்னத் தொகையா?

84, 36 இரண்டையும் மீதி இல்லாமல் வகுக்கும் எண் வேண்டும். அப்படி வகுக்கும் எண்களில் மிகப் பெரியதற்கு மீப்பெரு பொது வகுத்தி என்று பெயர். தெலுங்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இதைக் க.சா.பா. என்பார்கள். பெயர்தான் நீளம். வேலை சுலபம். வாய்ப்பாடுகூட வேண்டாம். கழிக்கத் தெரிந்தால் போதும்.

பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழியுங்கள்.

84-இல் 36 போனால் 48.
48-இல் 36 போனால் 12.
இப்போது 36 பெரியது. 36-இல் 12 போனால் 24.
24-இல் 12 போனால் 12.

இரண்டு பக்கமும் 12 வந்துவிட்டது. அதுதான் விடை. நீளத்தில் 7, அகலத்தில் 3, ஆக 21 சதுரம். ஒரு நூல்கூட மிஞ்சாது.

இது ஏன் சரியாக வருகிறது? ஒரு கோல் 84-ஐயும் 36-ஐயும் முழுதாக அளக்கிறது என்றால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 48-ஐயும் முழுதாக அளக்கும். கழிக்கக் கழிக்க எண் சிறுத்துப் போகிறது. அளக்கும் கோல் மாறுவதில்லை.

துணி 85 அங்குலமாக இருந்தால்? கழித்துக்கொண்டே போனால் 1 வந்து நிற்கும். ஓர் அங்குலச் சதுரத்தில் யார் படம் எழுதுவார்கள்? கை பழகியவர் அந்த ஓர் அங்குலத்தை ஓரத்தில் விட்டுவிட்டு 84 என்றே வெட்டுவார். அது கணக்குக்குத் தெரியாது, வெட்டுகிறவருக்குத் தெரியும்.

கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் ஏறக்குறைய 2300 ஆண்டுகளுக்கு முன்பே இந்த வழியை எழுதி வைத்தார். நம் நாட்டில் ஆரியபட்டர் கி.பி. 499-இல் இதை வைத்து இன்னும் கடினமான கணக்குகளுக்கு வழி சொன்னார். அந்த வழிக்குக் குட்டகம் என்று பெயர். இடித்துப் பொடியாக்குவது என்று பொருள்.

ஏர்பேட்டில் இப்போது திருப்பதி ஐ.ஐ.டி. இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளும் இந்தக் கணக்கைப் படிக்கிறார்கள். கம்ப்யூட்டரில் செய்தியைப் பூட்டி அனுப்ப 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் என்ற மூவர் ஒரு முறை கண்டார்கள். அதற்குச் சாவி செய்யவும் இந்தப் பழைய வழி உதவுகிறது.

இன்னொன்று. 143 நோட்டு, 221 பென்சில் இருக்கின்றன. யாருக்கும் கூடாமல் குறையாமல், மிச்சம் இல்லாமல், அதிகபட்சம் எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்? 221-இல் 143 போனால் 78. 143-இல் 78 போனால் 65. 78-இல் 65 போனால் 13. இனி 65-இலிருந்து 13-ஐக் கழித்துக்கொண்டே வந்தால் 13-இல் நிற்கும். ஆகவே 13 பிள்ளைகள். ஆளுக்கு 11 நோட்டு, 17 பென்சில்.

91, 56 இரண்டையும் நீங்களே எழுதிக் கழித்துப் பாருங்கள். 7 வர வேண்டும்.