தீரா நோயும் சுற்றத்தார் கடமையும்
(தசலட்சண விழாவின் முதல் நாளில் ஆற்றிய உரை)



உத்தம பொறைக்குரிய இந்நாளில், இல்லத்தில் ஒருவர் தீரா நோயுற்றால் சுற்றத்தார் செய்யத்தக்கது யாது என்பதைச் சிந்திக்க விழைகிறேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் தங்கை 1923இல் புற்றுநோயால் மறைந்தார். முதலில் சீதபேதி எனக் கருதினர். உண்மை புலப்பட்டபோது காலம் கடந்திருந்தது. தமக்கை மருத்துவராயிருந்தும் காக்க இயலவில்லை. அத்துயரமே 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்கு வித்தாயிற்று.

இன்று மருத்துவம் வளர்ந்துள்ளது. ஆயினும் அம்மருத்துவமனைக்கு அண்மையிலுள்ள ஊரூர் ஒல்காட் குப்பத்து மீனவர் இல்லமாயினும், பெசன்ட் நகர் மாடி வீடாயினும், நம் இல்லமாயினும் ஒரு வழக்கம் மாறவில்லை. “அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர், மனமுடைந்து போவார்” என்று மகன் வேண்டுகிறான். தந்தையோ யாவற்றையும் உணர்ந்தும், மகன் வருந்துவானே என்று அறியாதவர்போல் இருக்கிறார். ஒரே கூரையின்கீழ் இருவரும் தனித்தனியே அழுகின்றனர்.

நம் ஆசாரியர் காட்டிய நெறி வேறு. இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவை நீக்கவியலாதபோது மேற்கொள்ளும் சல்லேகனையைச் சமந்தபத்திரர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் விளக்குகிறார். பற்றும் பகையும் விடுத்து, சுற்றத்தாரை மன்னித்து, இனிய சொற்களால் அவர்களிடம் மன்னிப்பு வேண்டுதலை அவர் முன்வைக்கிறார். உணவைப் படிப்படியாகக் குறைத்தல் அதன் பின்னரே. நாமோ பின்னதையே நினைவிற்கொண்டு முன்னதை மறந்தோம். தம் நிலையறியாதவர் எவரிடம், எதற்காக மன்னிப்புக் கேட்பார்?

அனைத்தையும் ஒரே நாளில் உரைக்க வேண்டுவதில்லை. “உங்கள் நோயைப் பற்றி அறிய விரும்புகிறீர்களா?” என்று கேட்டு, அவர் விரும்புமளவு கூறினால் போதும். கேட்காமலே முடிவெடுப்பதுதான் பிழை.

செஞ்சியருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டை உங்களில் பலர் தரிசித்திருப்பீர்கள். அவர் துறவி, தாமே ஏற்ற நோன்பு அது. சமந்தபத்திரரே பஸ்மக நோயுற்றுச் சல்லேகனைக்கு அனுமதி வேண்டியபோது, குரு மறுத்தார் என்பது நம் மரபுவழிச் செய்தி. அவருக்கே அவ்வாறெனில், படுக்கையிலிருக்கும் முதியவர்மீது குடும்பத்தார் நோன்பைச் சுமத்த இடமேது? அவரது வலியைத் தணியாதிருப்பதும் அகிம்சையாகாது. மருத்துவர் அளவறிந்து தரும் மார்ஃபினை அஞ்ச வேண்டா. இரவில் மருந்து உட்கொள்ளலாமோ எனத் தயங்குவோர் முனிவரைக் கேட்டுத் தெளிக. வலி சூரிய அத்தமனம் பார்ப்பதில்லை என்பதே என் கருத்து.

இறுதியாக ஒரு செய்தி. மீளவியலா நிலையில் எத்தகைய சிகிச்சை வேண்டா என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9இல் ஏற்றது. 2023இல் நடைமுறையையும் எளிதாக்கியது. இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற வேண்டும். நலமாயிருக்கும்போதே இதனை எழுதலாம். எழுதுமுன் பிள்ளைகளை அருகிலமர்த்திப் பேசுங்கள். எழுதியபின் அவர்களிடம் ஒரு படி கொடுத்து வையுங்கள்.