நீர்க்குழந்தைகள்: ஒரு விந்தை நூலும் ஒரு மாணவனின் வினாவும்

(சங்கத்தின் இளைஞர் வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தலைமையாசிரியர் பேச வருகிறார் என்றதும், தேர்வைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் அறிவுரை வரும் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். நாமோ இன்று ஒரு குழந்தைக் கதையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

பள்ளி நூலக அலமாரியை ஒழுங்கு செய்தபோது அட்டை கிழிந்த ஆங்கில நூலொன்று நம் கைக்கு வந்தது. பெயர் 'நீர்க்குழந்தைகள்'. எழுதியவர் சார்லஸ் கிங்ஸ்லி. அப்பெயரை நாம் அதற்குமுன் கேட்டதில்லை. பின்னர்த் தேடி அறிந்தோம்: 1819 முதல் 1875 வரை வாழ்ந்த ஆங்கிலப் பாதிரியார், 1860 முதல் 1869 வரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர், டார்வினின் கொள்கையைத் தொடக்கத்திலேயே வரவேற்ற சமயத் தொண்டர். தம் இளைய மகனுக்காக அவர் எழுதிய இக்கதை 1863-இல் நூலாக வெளிவந்தது.

விந்தையான நூல் அது. புகைபோக்கி துடைக்கும் டாம் என்னும் சிறுவன் ஓடையில் விழுகிறான். நீரில் வாழும் குழந்தையாக மாறுகிறான். அவன் நீளம் 3.87902 அங்குலம் என்று ஆசிரியர் கணக்குச் சொல்கிறார்! மீன்போல் செவுளும் முளைக்கிறது. தட்டானும் கடல் நண்டும் அவனோடு உரையாடுகின்றன. கதையை நடுவில் நிறுத்திவிட்டு ஆசிரியர் அறிவியலாரோடு வழக்காடுகிறார். இரண்டு முறை நூலை மூடி வைத்தோம். மூன்றாம் முறை நம்மை இழுத்துப் பிடித்தது அதன் முதல் அத்தியாயம்.

அதை உணர அக்கால இங்கிலாந்தைச் சிறிது அறிய வேண்டும். செல்வர் மாளிகைகளில் அறைதோறும் கணப்பு எரிந்தது. அவற்றின் புகைவழிகள் சில 9 அங்குல அகலமே உடையவை. பெரியவர் நுழைய இயலாத அவ்வழியில் ஏழைச் சிறுவரை ஏற்றிக் கரியைச் சுரண்டச் செய்தனர். இத்தொழில் செய்தோர்க்குக் கரியால் புற்றுநோய் வருவதைப் பெர்சிவல் பாட் என்னும் மருத்துவர் 1775-இலேயே எழுதி வைத்தார்.

டாம் அத்தகையவன். எழுத்தறியான்; குளித்தறியான். முதலாளி கிரைம்ஸ் அவனை நாள்தோறும் அடிக்கிறான். ஆயினும் டாமின் கனவு என்ன தெரியுமா? தானும் ஒருநாள் முதலாளியாகிச் சாராயக் கடையில் அமர்ந்து, தன்னிடம் வேலைக்கு வரும் சிறுவரைத் தன்னைப் போலவே அடித்து வேலை வாங்க வேண்டும் என்பதே! இளைஞர்களே, இவ்விடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் வருவோம்.

ஒருநாள் பெரிய மாளிகையொன்றில் வழி தவறி, எல்லி என்னும் சிறுமியின் அறைக்குள் டாம் இறங்கிவிடுகிறான். அங்கே குளியல் தொட்டி, சோப்பு, துண்டு எல்லாம் இருக்கின்றன. இவ்வளவும் வேண்டுமென்றால் இவள் மிகவும் அழுக்கானவளாய் இருக்க வேண்டும் என்று எண்ணுகிறான்! சுவரில் சிலுவையில் அறையப்பட்டவரின் படம். அவர் யாரென்றே அவனுக்குத் தெரியாது. பிறகு கரிய உருவம் ஒன்று எதிரே நிற்கக் கண்டு சினந்து அதட்டுகிறான். அது நிலைக்கண்ணாடியில் தெரிந்த அவனே. வாழ்வில் முதன்முறை தன் அழுக்கைக் கண்டு வெட்கி அழுகிறான். சிறுமி விழித்து அலற, திருடன் என்று மாளிகையே அவனைத் துரத்துகிறது.

அக்கண்ணாடியின் முன் நாமும் நின்றிருக்கிறோம். தொடக்கப்பள்ளி நாளில், நம் காலிலும் சட்டையிலும் இருந்த சேற்றைச் சுட்டி வகுப்பே சிரித்தது. அன்று விடியலில் தாயோடு நாற்றுக்கட்டுச் சுமந்துவிட்டு நேரே பள்ளிக்கு ஓடியிருந்தோம். நெடுநாள் அச்சேறு நம் குற்றமென்றே எண்ணியிருந்தோம். டாம் அழுத பக்கத்தைப் படித்தபோது நம் கண்ணும் கலங்கியது.

இக்கதையை எட்டாம் வகுப்பில் சொன்னோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, அவன் மேலிருந்த கரி அந்த வீட்டு அடுப்புக் கரிதானே?" என்று கேட்டான்.

நாம் திகைத்து நின்றோம். இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் நாம் கேளாத கேள்வி அது. அவர்கள் குளிர் காய எரித்த நெருப்பின் கரி. அவர்கள் வீட்டைத் தூய்மை செய்ததால் அவன்மேல் படிந்த கரி. அவ்வாறே நம் காற்சேறும் வயற்சேறு. அவ்வயலின் நெல் எவர் குதிருக்குச் சென்றது என்று எவரும் கேட்கவில்லை.

கிங்ஸ்லி நல்லுள்ளம் படைத்தவர். சிறுவன் படும் கொடுமையை உலகறியச் செய்தார். எனினும், தூய்மையை விரும்புவோர் தூய்மை பெறுவர் என்பதே அவர் கதையின் போக்கு. கழுவிக்கொள்ள வேண்டியவன் சிறுவனே என்கிறார். மேலும் ஐரிஷ் மக்களையும் கருப்பின மக்களையும் தாழ்த்தும் சொற்கள் அந்நூலில் உண்டு. அவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை; மன்னிக்கவும் வேண்டியதில்லை. நல்லதைக் கொண்டு அல்லதைத் தள்ளிப் படிப்பதே கற்றவர் கடன்.

கழுவினால் தீருமா? டாம் ஓடையில் இறங்கியபோது எவரும் தடுக்கவில்லை. பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இல் பொது நீர்நிலைகளை யாவர்க்கும் திறந்துவிடத் தீர்மானித்த பின்னும், 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்தில் மக்களோடு நீர் அருந்தியபோது என்ன நடந்தது? தடியடி விழுந்தது. பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள்! அங்கே நீர் சிறுவனைத் தூய்மை செய்தது. இங்கே நம் கை பட்டு நீர் கெட்டதாம். அழுக்கு உடம்பில் இருந்தால் சோப்பு போதும். பார்ப்பவர் நெஞ்சில் இருந்தால் போராட்டமும் சட்டமும் கல்வியும் வேண்டும்.

சட்டம் என்றதால் ஒன்று சொல்வோம். இங்கிலாந்தில் எட்டு வயதுக்குட்பட்டோரை இத்தொழிலில் சேர்க்கலாகாது என்று 1788-இல் சட்டம் வந்தது. 21 வயதுக்குட்பட்டோர் ஏறவே கூடாதென்று 1840-இல் வந்தது. நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1864-இல், மற்றொன்று வந்தது. ஆயினும் 1875-இல் கேம்பிரிட்ஜ் அருகே ஒரு மருத்துவமனைப் புகைவழியில் ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன் சிக்கி மாண்டான். அதன்பின் ஷாப்ட்ஸ்பரி பிரபு முயன்று, காவல் துறையின் உரிமம் இன்றி எவரும் இத்தொழில் நடத்தலாகாது என்று அவ்வாண்டே சட்டம் செய்வித்த பின்னரே கொடுமை ஓய்ந்தது. முதற்சட்டத்துக்கும் முடிவுக்கும் இடையே 87 ஆண்டுகள்! நம் நாட்டிலும் மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்தன. அவற்றின் பின்னும் கழிவுநீர்த் தொட்டிகளில் நம்மவர் மூச்சடைத்து மாண்டனர். ஏட்டிலுள்ள சட்டத்தை நாட்டில் நடத்திவைக்கப் படித்தவர் வேண்டும்.

முடிவில், டாம் வளர்ந்து இருப்புப் பாதையும் நீராவி எந்திரமும் தந்தியும் அறிந்த அறிவியலாளன் ஆகிறான். கிரைம்ஸின் நாற்காலியைக் கனவு கண்டவன் அந்நாற்காலியைத் தேடவில்லை. தன்னை அடித்த அவனே புகைபோக்கியில் சிக்கித் தவித்தபோது உதவத் தேடிச் செல்கிறான்.

இளைஞர்களே! பதவி பெறுங்கள்; ஆனால் கிரைம்ஸ் ஆகிவிடாதீர்கள். அறிமுகமில்லாத ஆசிரியரா, விந்தையான நூலா, துணிந்து எடுங்கள். இருமுறை மூடினாலும் மூன்றாம் முறை திறவுங்கள். படிக்கும்போது அந்தக் கடைசி வரிசை மாணவனைப் போல, "இந்தக் கரி எவர் வீட்டுக் கரி?" என்று கேளுங்கள். அவ்வாறு கேட்கும் பிள்ளைகளை உருவாக்குவதே இச்சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுப் பணிக்கு உரிய பயனாகும்.