வாய் திறந்து பேசினோம், வீடு வந்து சேர்ந்தோம்
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



எங்க குழுவில் 12 பேர் வேன் பிடித்து, கொல்லிமலை வாசலூர்பட்டி ஏரிக்குப் போய் வந்தோம். காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைமேல், குறுக்கு வழி என்று டிரைவர் தம்பி காட்டு மண் ரோட்டில் விட்டார். முதல்நாள் மழை. சக்கரம் சேற்றில் புதைந்தது. எல்லோரும் இறங்கி பாரத்தைக் குறைத்து, சக்கரத்துக்கு முன்னால் கல்லும் சுள்ளியும் போட்டோம். வண்டி ஏறிவிட்டது. ஏரியில் படகிலும் போனோம்.

மலை இறங்கும்போதுதான் பயம். டீசல் மிச்சம் என்று தம்பி நியூட்ரலில் விட்டார். கொஞ்ச தூரத்திலேயே பிரேக் கருகும் வாடை. "ஓட்டுறவருக்குத் தெரியாதா" என்று முதலில் சும்மா இருந்தோம். பிறகு, "தம்பி, ஓரமா நிறுத்துங்க" என்றோம். பிரேக் ஆறும்வரை காத்திருந்து, ஏறின கியரிலேயே இறங்கினோம். கியரில் போனால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறி, பிடிக்காமல் போய்விடும்.

சகோதரிகளே, வாடகை கொடுப்பது நாம், உயிரும் நம்முடையது. பேங்க் மேனேஜரிடம் கடன் கேட்டுப் பேசுகிற நாம், டிரைவரிடம் பேசக் கூச்சப்படலாமா?