முதலில் உட்கார்ந்து எண்ணுங்கள்



லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட நினைக்கும் ஒருவரைப் பற்றி இயேசு பேசுகிறார். அடித்தளம் போட்டுவிட்டு மேலே கட்ட வழியில்லாமல் நின்றால் ஊர் சிரிக்கும். முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டாமா என்று கேட்கிறார். கிரேக்க மூலத்தில் அங்கே வரும் வினைச்சொல், கூழாங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. கல்லைக் கல்லாக எடுத்து வைத்து எண்ணுவது என்று பொருள்.

இன்று கோபுரம் கட்டுகிறவர்கள் குறைவு. ஆனால் ஏதாவது ஒரு புத்தகம் அச்சடிக்காத பங்கு உண்டா? திருவிழா மலர், சிலுவைப்பாதைச் செபங்கள், நவநாள் கையேடு, திருமணத் திருப்பலி நூல். அச்சகத்துக்குக் கொடுக்குமுன் பக்கங்களை எண்ணுகிறோமா?

ஒரு தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். மூன்றும் கிடைக்காது, ஐந்தும் கிடைக்காது. எங்கள் திருவெள்ளறையில், பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் வெட்டிய சுவஸ்திக் கிணறு இருக்கிறது. நான்கு புறமும் படிக்கட்டு. ஒரு புறத்தைத் தூர்த்துவிட்டால் அது அந்தக் கிணறாக இருக்குமா? நடுவில் பின் அடிக்கிற புத்தகமும் அப்படித்தான். 32 பக்கம், 36 பக்கம், 40 பக்கம் என்று நான்கு நான்காகத்தான் வளரும். தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல், அண்ட்ரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’. அதற்கு 16 பக்கம்.

எண்ணிப் பார்த்ததில் கணக்கு இடித்தால் என்ன செய்வது? தரங்கம்பாடிக்குப் போவோம். சீகன்பால்கு ஐயரும் அவருடைய தோழர்களும் புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. காகிதமோ தட்டுப்பாடு. நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் 1714-இல் அச்சாகிவிட்டன. அப்படியே போனால் மீதிக்குத் தாள் காணாது. அவர்கள் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715-இல் மீதியையும் அச்சிட்டு முடித்தார்கள். எழுத்தைத்தான் குறைத்தார்கள், ஒரு வசனத்தைக்கூடக் குறைக்கவில்லை.

நாம் எதைக் குறைக்கிறோம்?

மலர் வேலை கடைசி இரவில்தான் முடியும். அது எழுதப்படாத சட்டம். ரேப்பரைச் சேர்த்து எண்ணினோமா, தனியாகவா என்று யாருக்கும் தெரியாது. நம் கணினியில் 32 பக்கம் இருந்தது, எழுத்துரு மாறியதால் அச்சகத்தில் 33 ஆகியிருக்கும். கூடவே கடைசி நேரத்து விளம்பரம் ஒன்று. “ஃபாதர், ஒரு பக்கத்தை எடுத்துடலாமா?” என்று தொலைபேசி வரும்.

எந்தப் பக்கம் போகும்? விளம்பரத்துக்குப் பணம் வாங்கியாயிற்று. வாழ்த்துரைகளில் கை வைக்க யாருக்கும் துணிவில்லை. கடைசியில் இருக்கும் நன்கொடையாளர் பட்டியல், அதிலும் ஐம்பது ரூபாய், நூறு ரூபாய்க்காரர்களின் பக்கம் போகும். அவர்கள் வந்து கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான்.

ஒரு பங்கில் அப்படித்தான் நடந்தது. நூறு நாள் வேலைக் கூலியில் நூறு ரூபாய் கொடுத்திருந்த பாட்டி ஒருவர், மலரை வாங்கிப் பேரனிடம் நீட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. “ஏம் பேரு எங்கனே இருக்கு, காட்டுய்யா” என்றார். பையன் இரண்டு முறை புரட்டினான். பிறகு, பக்கத்தில் நின்றிருந்தவர்களைப் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு வரியைத் தொட்டு “இந்தா இருக்கு, ஆயா” என்றான். பாட்டி அந்த வரியைத் தடவிப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவன் தொட்டுக் காட்டியது ஒரு நகைக்கடை விளம்பரம்.

அந்தப் பிள்ளை சொன்ன பொய்யைப் பற்றி அறநெறி இறையியலில் விவாதிக்கலாம். எனக்கு அவன்மேல் குறை சொல்லத் தோன்றவில்லை.

ஆகவே மலர் தயாரிக்கிற இளையோருக்கு ஒரு வேண்டுகோள். எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்து, கையால் புரட்டி எண்ணுங்கள். ரேப்பர், வெற்றுப் பக்கம் உட்பட. எண்ணிக்கை சரியான பிறகு பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். எண்ணத் தொடங்கும்போதே பெயர்ப் பட்டியலுக்கு எத்தனை பக்கம் வேண்டும் என்று முதலில் ஒதுக்கிவிடுங்கள். அப்படியும் ஒரு பக்கம் கூடினால், பங்குத்தந்தையின் வாழ்த்துரையை எடுத்துவிடுங்கள். ஆண்டுதோறும் நாங்கள் எழுதுவது ஏறக்குறைய ஒன்றேதான்.