சபைப் பணமும் தோட்டப் பாதையும்



லயத்து வாசலில் ஒரு குடிநீர்க் குழாய், மழைக்குக் கரையும் பாதைக்கு ஒரு மதகு, பிள்ளைகளுக்கு ஒரு வாசிகசாலை. கஹவத்தை போன்ற பகுதிகளில் தோட்ட மக்கள் வேண்டி நிற்பவை இத்தகைய சிறு பணிகளே. பிரதேச சபை நிதியில் ஒரு சிறு பகுதி இவற்றுக்குப் போதும். ஆயினும் நெடுங்காலம் அவை கைகூடவில்லை.

கிராமச் சங்கச் சட்டம் 1937இல் திருத்தப்பட்டபோதும் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு அதில் வாக்குரிமை கிட்டவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின்கீழ், குடியுரிமை பெற்றோர் வாக்களித்தனர். ஆனால் அதன் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாயிருந்தது. வாக்குப் பெற்ற உறுப்பினரும் கைவிரிக்க நேர்ந்தது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டுத் தடை நீங்கிற்று.

இனிச் செய்ய வேண்டியது யாது? தோட்டத்தார் ஒன்றுகூடி, முதல் தேவை எதுவெனத் தீர்மானித்து, மனுவாக எழுதி, வரவு செலவுத் திட்டம் வகுக்கப்படுமுன் சபை உறுப்பினரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். வாக்களித்தோர் சபைப் பணத்தில் தம் பங்கைக் கேட்பதில் கூச்சத்துக்கு இடமேயில்லை.