வானலையின் வலிமையை அளத்தல்



மளிகைக் கடையில் அரிசியை நிறுத்துத் தருகின்றனர். ஜவுளிக் கடையில் துணியை அளந்து கிழிக்கின்றனர். அளக்கப்படும் பொருளும் அளக்கும் கருவியும் நம் கண் முன்னே இருக்கின்றன. ஐயம் தோன்றினால் மீண்டும் ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால், கண்ணுக்குப் புலப்படாததும், ஒரு நொடியில் 70 லட்சம் முறை அதிர்வதுமான ஒன்றை அளக்க வேண்டுமானால் என் செய்வது? 7 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு டிரான்ஸ்மிட்டர் தன் ஆன்டெனாவுக்கு அனுப்பும் மின்சாரம் அத்தகையதே. அதன் வலிமை எத்தனை வாட் என்று எண்ணால் எழுதிக் காட்டும் சிறு கருவியைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இக்கருவி யாருக்கு வேண்டும்? அமெச்சூர் வானொலியார் என்று ஒரு கூட்டத்தார் உலகெங்கும் உள்ளனர். 'ஹாம்' என்றும் அவர்களைச் சொல்வதுண்டு. ஊதியம் கருதாமல், கற்கும் ஆர்வத்தாலும் நட்புக்காகவும் வானலை வழியே பேசிக்கொள்பவர்கள் இவர்கள். நம் நாட்டில் இதற்கென ஒரு தேர்வு உண்டு. அதில் தேறி உரிமம் பெற்றவருக்கு 'வி.யு.' என்று தொடங்கும் அழைப்புக் குறி வழங்கப்படுகிறது. டிரான்ஸ்மிட்டரைத் தம் கையாலேயே அமைத்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. அந்த உரிமையோடு ஒரு கடமையும் சேர்ந்து வருகிறது. உரிமத்தின் தரத்துக்கு ஏற்ப, அனுப்பும் திறனுக்கு ஓர் உச்ச வரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது. வானலை எல்லார்க்கும் பொதுச் சொத்து. தம் பங்கு எவ்வளவு என்று அறியாமல் அதில் இறங்குவது முறையாகாது.

வேறொரு காரணமும் உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, அந்தமானில், அப்பொழுது போர்ட் பிளேயர் என்று வழங்கிய நகரில், பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலி அம்மையாரும் அவர் குழுவினரும் தங்கியிருந்தனர். பேரலைக்குப் பின்பு அவர்களுடைய நிலையம் தீவுகளுக்கும் தலைநிலத்துக்கும் இடையே செய்திகளைச் சுமந்தது. அத்தகைய வேளைகளில் டிரான்ஸ்மிட்டரின் ஆற்றல் உண்மையிலேயே ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருகிறதா, வழியிலேயே வீணாகிறதா என்பது விளையாட்டான கேள்வி அன்று.

இனி, அளக்கும் வழிகளைப் பார்ப்போம். பழைய வழி மிக எளியது. டிரான்ஸ்மிட்டரோடு ஆன்டெனாவுக்குப் பதிலாக ஒரு மின்விளக்கை இணைப்பர். அது எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்பதைக் கொண்டு திறனை மதிப்பிடுவர். இது கண்ணளவு. இதைவிடத் திருத்தமானது வெப்ப வழி. ஒரு மின்தடைக்குள் செலுத்தப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறிவிடுகிறது. 100 வாட் திறன் கொண்டு ஒரு லிட்டர் நீரைச் சூடேற்றினால், வெப்பம் வெளியே சிதறாதிருக்குமானால், ஒரு நிமிடத்தில் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 1.4 டிகிரி செல்சியஸ் உயரும். அதே மின்தடையை வேறொரு சமயம் சாதாரண நேர்மின்னோட்டத்தால் அதே அளவுக்குச் சூடேற்றுவோம். நேர்மின்னோட்டத்தின் வாட்டை எளிதில் கணக்கிடலாம் அல்லவா? இரண்டு வெப்பமும் சமமானால் இரண்டு திறனும் சமம். இவ்வழி மெதுவானது, ஆனால் நேர்மையானது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

விரைவான வழி மின்னழுத்தத்தை அளப்பது. அமெச்சூர் வானொலிக் கருவிகளின் இணைப்புகள் பெரும்பாலும் 50 ஓம் என்ற அளவுக்கு இசைய அமைக்கப்படுகின்றன. 50 ஓம் மின்தடை ஒன்றைப் போலிச் சுமையாக இணைத்து, அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள அழுத்தத்தை அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, 50 ஆல் வகுத்தால் வாட் கிடைத்துவிடும். 100 வாட் திறனுக்குப் பயனுறு அழுத்தம் 70.7 வோல்ட், அலையின் உச்சியில் சரியாக 100 வோல்ட். இந்த உச்சி அழுத்தத்தை ஒரு டயோடும் ஒரு மின்தேக்கியும் பிடித்து நிறுத்திவிடும். பிறகு சாதாரண வோல்ட்மீட்டரே போதும்.

ஆனால் டயோடுக்கு ஒரு குறை உண்டு. அது வாயிற்காவலன் போன்றது. உள்ளே விடுவதற்குச் சிறு கட்டணம் வாங்கிக்கொள்ளும். ஜெர்மேனியம் டயோடுக்கு அக்கட்டணம் ஏறத்தாழ 0.2 முதல் 0.3 வோல்ட். 100 வோல்ட்டில் இது ஒரு பொருட்டன்று. ஒரு மில்லிவாட் திறனிலோ அலையின் உச்சி அழுத்தமே 0.32 வோல்ட்தான். கட்டணம் போக மிஞ்சுவது என்ன? ஆகவே, சிறிய திறன்களை அளக்க வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

அந்த வழியை அமெச்சூர் உலகத்தில் பரவச் செய்த கட்டுரைகளுள் ஒன்று, அமெரிக்க நாட்டு அமெச்சூர் வானொலியாரின் 'க்யூ.எஸ்.டி.' இதழில் 2001-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியாயிற்று. எழுதியவர்கள் வெஸ் ஹேவர்ட், பாப் லார்க்கின் என்ற இருவர். அவர்கள் கையாண்டது ஏ.டி. 8307 என்ற விரல்நுனி அளவுள்ள சில்லு. அதை மடக்கைப் பெருக்கி என்று சொல்லலாம். அக்கட்டுரையின் கருவி அழுத்தத்தை அளந்து காட்டியது. அவ்வழியைப் பின்பற்றியோர் அதனோடு ஒரு நுண்கட்டுப்படுத்தியை இணைத்து, எண்ணாகவே காட்டும் கருவிகளை அமைத்தனர்.

மடக்கை என்பதைப் பள்ளிக் கணக்கில் படித்திருப்பீர்கள். 10, 100, 1000 என்று எண்கள் பத்துப் பத்து மடங்காகத் தாவும்போது, அவற்றின் மடக்கைகள் 1, 2, 3 என்று ஒவ்வோர் அடியாக நடக்கும். இச்சில்லு அந்தக் கணக்கை எப்படிச் செய்கிறது? ஓர் உவமை சொல்கிறேன். இரவில் 6 காவலர்கள் தொலைவு தொலைவாக ஒரே வரிசையில் நிற்கின்றனர். ஒவ்வொருவரும் தாம் கேட்ட குரலைவிட 5 மடங்கு உரக்கக் கூவ வேண்டும். ஆயினும் எவருடைய தொண்டைக்கும் ஓர் எல்லை உண்டு. முதலாமவர் காதில் மெல்லிய குரல் விழுந்தால், ஆறாமவர் மட்டுமே தம் தொண்டையின் எல்லையைத் தொடுவார். குரல் 5 மடங்கானால் கடைசி இருவர் எல்லையைத் தொடுவர். 25 மடங்கானால் மூவர். ஆக, எத்தனை பேர் எல்லையைத் தொட்டனர் என்று எண்ணினாலே முதற் குரலின் மடக்கை கிடைத்துவிடுகிறது! சில்லுக்குள்ளும் இவ்வாறே 6 பெருக்கிகள் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றும் அழுத்தத்தை 5 மடங்குக்குச் சற்று மேலாகப் பெருக்கும். எல்லாவற்றின் விளைவையும் கூட்டி, ஒரே மின்னழுத்தமாக வெளியே தருகிறது. இதனால் ஏறத்தாழ 160 கோடி மடங்கு வேறுபடும் திறன்களை ஒரே கருவியால் அளக்க முடிகிறது.

இங்கே டெசிபெல் என்ற அளவு நமக்குத் துணை வரும். ஒரு மில்லிவாட்டைச் சுழி என்று கொள்வோம். பத்து மடங்கு ஏறினால் 10 டெசிபெல். நூறு மடங்கு ஏறினால் 20. பத்தில் ஒரு பங்கானால் கழித்தல் 10. இக்கணக்கில் ஒரு வாட் என்பது 30. 100 வாட் என்பது 50. இச்சில்லு ஒரு டெசிபெல்லுக்கு 25 மில்லிவோல்ட் வீதம் ஏறுகிறது. ஒரு மில்லிவாட் திறனுக்கு அது தரும் அழுத்தம் 2.1 வோல்ட்.

இச்சில்லு தாங்கும் உச்சத் திறன் 50 மில்லிவாட்தான். 100 வாட் டிரான்ஸ்மிட்டரை நேரே இணைத்தால் அது கருகிவிடும். ஆகவே போலிச் சுமையிலிருந்து பதினாயிரத்தில் ஒரு பங்கை மட்டும் கிள்ளியெடுத்துக் கொடுக்கும் மின்தடைத் தொகுதி ஒன்றை இடையில் வைக்கின்றனர். பதினாயிரத்தில் ஒரு பங்கு என்பது 40 டெசிபெல் குறைவு. 100 வாட், 10 மில்லிவாட்டாகச் சுருங்கிச் சில்லுக்குச் செல்லும்.

இனி, அழுத்தத்தை எண்ணாக்குவது எப்படி? இது நுண்கட்டுப்படுத்தி என்ற சிறு கணிப்பொறியின் வேலை. கடைக்காரரின் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் 512, 256, 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று 10 எடைக்கற்கள் உள்ளன. 5 வோல்ட் அழுத்தத்தை 1024 பங்காக்கினால் வருவது ஒரு பங்கின் எடை. சில்லிலிருந்து ஏறத்தாழ 1.85 வோல்ட் வருகிறது என்போம். தராசில் 512 வைத்தால் மிகை, எடுத்துவிடு. 256 வைத்தால் குறைவு, இருக்கட்டும். 128 சேர்த்தால் மிகை, எடு. 64, 32, 16, 8 ஆகியவை நிற்கும். 4 மிகை. 2, 1 நிற்கும். நின்ற கற்களைக் கூட்டினால் 379. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கருவி இதைச் செய்துவிடுகிறது.

379 என்பது வாட் அன்று. வெறும் எடைக்கல் கணக்கு. அதை வாட்டாக மாற்ற, முன்னரே தெரிந்த இரண்டு திறன்களைக் கருவிக்குக் காட்டிப் பழக்க வேண்டும். ஒரு மில்லிவாட்டைக் காட்டியபோது 430 என்றும், அதில் நூறில் ஒரு பங்கை, அதாவது கழித்தல் 20 டெசிபெல்லைக் காட்டியபோது 328 என்றும் வந்ததாகக் கொள்வோம். 20 டெசிபெல்லுக்கு 102 படிகள். ஒரு டெசிபெல்லுக்கு 5.1 படிகள். இப்பொழுது வந்த 379, 328-ஐவிட 51 படி மேலே உள்ளது. அதாவது 10 டெசிபெல் மேலே. ஆகவே சில்லுக்கு வந்தது கழித்தல் 10 டெசிபெல். இடையில் குறைத்த 40-ஐக் கூட்டினால் 30. முப்பது என்றால் ஒரு வாட் என்று பார்த்தோம் அல்லவா? திரையில் 'ஒரு வாட்' என்று எழுத்து மின்னுகிறது.

நண்பர்களே, இந்தத் திரையைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். கருவி '100.37 வாட்' என்று காட்டினால், அந்தக் கடைசி 37-ஐ நாம் நம்பலாமா? சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். நம் தராசின் ஒரு படி ஏறத்தாழ 0.2 டெசிபெல். 100 வாட்டுக்கு அடுத்த படி ஏறத்தாழ 104.6 வாட். இடையில் உள்ள எண்கள் எவையும் தராசில் இல்லை. அன்றியும், இச்சில்லின் பரந்த வீச்சில் ஒரு டெசிபெல் வரை பிழை இருக்கக்கூடும். ஒரு டெசிபெல் பிழை என்றால், 100 என்று காட்டும்போது உண்மைத் திறன் 79-க்கும் 126-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் எழுதினாலும் உண்மை ஒரு முழம் கூட நெருங்கி வராது. முள் அசையும் பழைய மீட்டரில் இந்த மயக்கம் குறைவு. முள்ளின் பருமனே நம் அறியாமையின் அளவைக் காட்டிவிடும். எண் அத்தகைய அடையாளம் எதையும் காட்டுவதில்லை.

ஆகவே கருவியைச் சோதிக்க வேண்டும். ஒரு மில்லிவாட் அலையை 50 ஓம் சுமையில் அலைகாட்டி கொண்டு பார்த்தால், அடிமுதல் உச்சி வரை 0.632 வோல்ட் இருக்க வேண்டும். பெரிய திறனுக்கு டயோடு வழி ஒரு சாட்சி. நான் முன்பு சொன்ன வெப்ப வழி இன்னொரு சாட்சி. தனித்தனி வழிகளில் வந்த சாட்சிகள் ஒன்றையே சொன்னால்தான் அளவை ஏற்கலாம். அதிர்வெண் மாறினால் மின்தடைகளின் நடத்தையும் சிறிது மாறும். ஆகையால் 7 மெகாஹெர்ட்ஸில் சோதித்ததை வைத்து 144 மெகாஹெர்ட்ஸில் உறுதி கூறலாகாது. பேச்சை அனுப்பும்போது திறன் அசைக்கு அசை ஏறி இறங்கும். சராசரியைக் கேட்கிறோமா, உச்சத்தைக் கேட்கிறோமா என்பதையும் தெளிந்துகொள்ள வேண்டும்.

போலிச் சுமையை விட்டு ஆன்டெனாவை இணைத்துவிட்டால் மற்றொரு கேள்வி எழும். போகும் அலையில் ஒரு பங்கு எதிரொலி போலத் திரும்பி வரக்கூடும். போவதையும் வருவதையும் பிரித்துக் காட்டும் திசை இணைப்பியோடு இரண்டு மடக்கைச் சில்லுகளைச் சேர்த்தால், இரு திறன்களையும் ஒருங்கே காணலாம். 100 வாட் சென்று 4 வாட் திரும்பினால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 14 டெசிபெல். நிலையலை விகிதம் 1.5. பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்கள் இதைத் தாங்கும். 25 வாட் திரும்பினாலோ விகிதம் 3. ஆன்டெனாவையும் கம்பி இணைப்புகளையும் உடனே பார்க்க வேண்டும்.

இக்கருவியை நீங்களும் அமைக்கலாம். உரிமம் உடையவரின் மேற்பார்வையில், சிறிய திறனில் தொடங்குங்கள். 100 வோல்ட் உச்சியுள்ள வானலை மின்சாரம் விரலைச் சுடும் என்பதை மறவாதீர்கள். அமைத்து முடித்தபின், திரையில் எண் தோன்றியதும் மகிழ்ந்து நிறுத்திவிடாதீர்கள். 'இந்த எண் உனக்கு எப்படித் தெரிந்தது?' என்று கருவியைக் கேளுங்கள். அழுத்தம், எடைக்கல், படி, ஒப்பிட்ட மில்லிவாட் என்று ஒவ்வொரு படியாக அதற்கு விடை சொல்லத் தெரிந்தவரே அளந்தவர் ஆவார். மற்றவர் எண்ணைப் படித்தவர் மட்டுமே.