கைத்திறன் இருந்தும் ஏழ்மை ஏன்?

(ஸ்ரீரங்கத்தில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஏழைத் தேசங்கள் பல, சுதந்தரம் பெற்று நெடுங்காலம் கழிந்தும், எதிர்பார்த்த பொருளாதார அபிவிருத்தியை ஏன் அடையவில்லை என்பது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். இது பொருள்நூல் வல்லாருக்கே உரிய விஷயமாயினும், இதற்கு விடைதேட நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. காவிரிப் பாலத்தைக் கடந்து உறையூர் வரை செல்லின் போதும்.

ஏழைத் தேசத்தார் சோம்பர், தொழிலறியாதவர் என்று சொல்லுவோர் உளர். உறையூரின் வரலாற்றை அறிந்தவர் அங்ஙனம் கூறார். திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையைக் கொண்டு நம்மூரார் சுற்றிய சுருட்டு, 19ஆம் நூற்றாண்டில் நம் நகரின் பெயராலேயே இங்கிலாந்தில் வழங்கிற்று. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், துப்பறிவோன் சாம்பலைக் கொண்டே அது திருச்சினாப்பள்ளிச் சுருட்டென்று சொல்லிவிடுகிறான். புகழ் கடல் கடந்து சென்றது. சுற்றியவரோ கூலிக்காரராகவே இருந்தனர். அங்குள்ளோரின் வழக்கம் மாறவே, இங்குத் தொழில் சுருங்கிற்று.

அடுத்து, செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுந் தொழிலை நோக்குவோம். திருச்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் குடும்பம் குடும்பமாக இதனைச் செய்து ஜீவித்தனர். உலையில் விளைந்த கல் வெளியிலிருந்து வரும். தீட்டிய கல் வெளியே செல்லும். இரண்டிற்கும் விலை குறிப்பவர் வேறொருவர். சீன தேசத்தில் இயந்திரத்தால் தீட்டிய கற்கள் மலிவாக வந்திறங்கவே, பட்டறைகள் பல மூடப்பட்டன. நம்மவர் கையின் நுட்பம் எள்ளளவும் குறைந்திலது. அதனைக் கேட்போர்தாம் குறைந்தனர்.

மூன்றாவது, திருவெறும்பூர். செக்கோஸ்லோவாகியா தேசத்தின் துணையோடு அங்கு நிறுவப்பெற்று, 1965இல் வேலை தொடங்கிய பெல் கொதிகலன் ஆலையால் நம் ஜில்லா அடைந்த நன்மை பெரிது. அதற்கு வேண்டிய உறுப்புகளைச் செய்து கொடுக்க நூற்றுக்கணக்கான இரும்புப் பட்டறைகள் தோன்றின. 2012ஐ ஒட்டித் தேசமெங்கும் நிலக்கரி மின்நிலையங்களுக்கான புதிய ஆர்டர்கள் அருகவே, அப்பட்டறைகள் வேலையின்றித் தவித்தன. இதனை ஆலையின் குற்றமென்று நாம் கூறோம். ஒரே வாசலை நம்பி நின்றது நம் குறை. பட்டறையை விற்றுக் கடனைத் தீர்த்தவர் இச்சபையிலும் இருக்கின்றனர். பற்றவைப்புக் கற்ற நம் பிள்ளைகள் பலர் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கின்றனர்.

இம்மூன்றிலும் விளங்குவது யாதெனில், உழைப்பும் திறனும் நம்மிடம் இருந்தன. மூலப்பொருளோ, வரைபடமோ, விலையோ, கொள்வோரோ பிறர் கையில் இருந்தனர் என்பதேயாம். உறையூருக்கு நேர்ந்தது தேசங்களுக்கும் நேர்ந்தது. 1964இல் சுதந்தரம் பெற்ற ஜாம்பியா, தன் ஏற்றுமதியில் பெரும்பகுதிக்குச் செம்பு ஒன்றையே நம்பியிருந்தது. 1975ஐ ஒட்டிச் செம்பின் விலை வீழவே, பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்தக் கடன் வாங்கலாயிற்று. கடன் வளர்ந்தது, தேசம் தளர்ந்தது. உலகின் கோகோவில் பாதிக்கு மேல் கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் விளைகிறது; சாக்லேட்டின் லாபத்தில் பெரும்பங்கோ வேற்று நாட்டாரைச் சேருகிறது. மூலப்பொருளை விற்போர் நாளடைவில் கைத்தொழிற் பொருளை விற்போருக்குப் பின்தங்குவர் என்று 1950இலேயே ரவுல் பிரெபிஷ், ஹான்ஸ் சிங்கர் என்னும் இரு பொருள்நூலார் தனித்தனியே எடுத்துரைத்தனர்.

அங்ஙனமாயின் எல்லாப் பழியும் அந்நியர் மேலதோ? அன்று. அது பாதி உண்மையே. தென் கொரியா 1960ஐ ஒட்டி மிக ஏழ்மையான தேசமாக இருந்தது. சவுரி முடியையும் ஏற்றுமதி செய்து பிழைத்தது. ஆயினும் அதனோடு நின்றிலது. உழுவோருக்கு நிலம் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தது. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குச் சென்றனர். வந்த பணம் புதிய தொழில் கற்பதற்குச் செலவாயிற்று. 1973இல் போஹாங்கில் அதன் எஃகாலை இயங்கலாயிற்று. ஒரு பொருளில் சம்பாதித்ததைக் கொண்டு மற்றொரு பொருளைக் கற்ற தேசம் உயர்ந்தது. சம்பாதித்ததை உண்டும் ஆடம்பரத்தில் இட்டும் தீர்த்த தேசங்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

இதனை இங்குச் சொல்லக் காரணம் உண்டு. சங்கத்தின் சேமநிதியைக் கொண்டு கலியாண மண்டபம் கட்டுவதென்னும் தீர்மானம் இன்று உங்கள்முன் இருக்கிறது. வாடகை கொடுத்து அலுத்த பெண்ணைப் பெற்றோரின் துன்பத்தை நாம் அறியாதவரல்லோம். ஆயினும் நம் வேண்டுகோள் இது: மண்டபம் சிறிதாகட்டும், நிதியில் பாதியைத் தொழிலுக்கென ஒதுக்குவோம். வரைபடம் தயாரிக்கவும் உலோகத்தைப் பரிசோதிக்கவும் நம் ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் கற்க உதவிச் சம்பளம் கொடுப்போம். இரண்டாவது கொள்வோரைத் தேடும் பட்டறைக்காரருக்கு, அவர் கால் ஊன்றும் வரை, குறைந்த வட்டியில் கைமுதல் கொடுப்போம். திருப்பித் தராதவர் சிலர் இருப்பர் என்று பொக்கிஷதாரர் அஞ்சுவது நியாயமே. அதற்காக இருவர் ஜாமீன் கேட்கலாம், கதவை அடைக்கலாகாது.

முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிந்து செல்லுவதை யாவரும் அறிவோம். மிகுந்த வெள்ளத்தைக் கொள்ளிடம் ஏற்பதனாலன்றோ இத்தீவில் நாம் அச்சமின்றி உறங்குகிறோம்! ஆற்றுக்கு வேண்டிய மறுவழி தொழிலுக்கும் வேண்டும். தீர்மானத்தின்மேல் கை உயர்த்துமுன், மூடிக்கிடக்கும் நம்மவர் பட்டறைகளை ஒருமுறை நினைக்குமாறு சபையோரை வேண்டுகிறோம்.